மனைவி கையால் முதல் புறா

போன வாரம் வேன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே கீபோர்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் புறாக்காரி இன்னும் பதில் சொல்லவில்லை.

கேள்வியில் சுற்றிவளைப்பு ஒன்றும் இல்லை. "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார், டீ சாப்பிடலாமா என்று கேட்பதுபோல. கேட்டுவிட்டு, வழக்கமாக மடக்குகிற கீபோர்டு ஸ்டாண்டை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவர்போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிடித்திருந்ததா? பிடித்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் ஒரு நினைவுக்கூட்டம்கூட நடத்தலை," என்றாள். "அதை முடிக்காம வேற எதையும் பேச எனக்கு வாய் வராதுங்க."

"நியாயம்தான்," என்றார் அவர். "அது முடியட்டும்."

பாவம், அந்த மனிதர் நம்பிவிட்டார். அது முடியப்போவதில்லை என்பது அவளுக்கல்லவா தெரியும்! முடியவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பவளே அவள்தான்.

யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பின்னால் நடக்கிற நினைவுக்கூட்டத்துக்கு வெள்ளைப் புறாக்களையும் வயலினையும் கீபோர்டையும் கொண்டுபோவது அவள் குடும்பத்தின் தொழில். ஆரம்பித்தவன் அவள் கணவன். வேன் ஓட்டியவன், அழுகிறவர்களிடம் பேசத் தெரிந்தவன், எல்லாம் அவன்தான். புறாக்கள் அவள் பொறுப்பு. அதனால் தெருவே அவளைப் புறாக்காரி என்றது. அவன் தங்கை வயலின் வாசித்தாள். கீபோர்டுக்காரர் வெளி ஆள். தேவைப்படும்போது தன் ஸ்கூட்டரில் வந்து வாசித்துவிட்டுப் போவார்.

கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதி முகத்தில் நுரையோடு சரிந்து, ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த வாரமே யாரோ ஒருவருக்கு ஒப்புக்கொண்ட கூட்டம் இருந்தது. அவள் வேன் சாவியை எடுத்தாள். எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் விளக்கேற்றும் வீட்டில் திரி வாங்க நேரமில்லாத கதைதான்.

மாமியார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். "அவனுக்கு எப்பம்மா?"

"நம்ம வீட்ல எப்படி அத்தை விடறது? புறாவைத் தூரத்துல கொண்டுபோய் விட்டாத்தான் அது வீட்டைத் தேடிப் பறக்கும். நம்ம மாடியிலேயே விட்டா ஒரு வட்டம் அடிச்சிட்டு நம்ம தலைமேலயே வந்து உக்காரும். பாக்கிறவங்க சிரிப்பாங்க."

அது பொய்யும் இல்லை. அதற்குமேல் மாமியாருக்குக் கேட்கத் தெரியவில்லை. புறா விஷயத்தில் மருமகள் சொன்னால் அதுதான் சட்டம்.

* * *

இன்று காலை மொட்டைமாடிக் கூண்டுக்குள் குனிந்து நுழையும்போதே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்த வாரம் கூட்டத்துக்குமேல் கூட்டம். கை, கால், கண் இமை எல்லாம் யாரோ ஈரத்துணியைச் சுற்றிவிட்டமாதிரி கனத்தன.

இறகு உதிர்க்கிற புறாக்களை ஒதுக்கினாள். முந்தாநாள் பறந்தவற்றையும் ஒதுக்கினாள். மிச்சமிருந்ததில் ஒவ்வொன்றாகப் பிடித்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கால் நகங்களைத் தேய்த்து, வாலடியைத் துணியால் துடைத்து, கூடையில் விட்டாள். வெள்ளைப் புறா என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அழுக்குக் காலைப் பார்க்க வருவதில்லை.

நாத்தனார் இரண்டு டீ டம்ளரோடு மேலே வந்தாள். ஒன்றை அண்ணியிடம் நீட்டிவிட்டு, காலியாகக் கிடந்த தீவன வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு எடம் எங்கடி?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் அண்ணி. மலை திரும்புனவுடனே ஒரு மண்டபம். பின்னாடி பெரிய புல்வெளி."

"அவ்வளவு தூரமா? யாரு?"

"ஒரு அம்மா பேசினாங்க. அவங்க மகனுக்காம்." நாத்தனார் டீயை ஊதினாள். ஆவியே வராத டீயை. "முதல் புறாவை மனைவி கையால விடணும்னு சொன்னாங்க."

எப்போதும் அப்படித்தான். இறந்தவருக்கு மிக நெருங்கிய ஒருவர் முதல் புறாவைத் தன் கையால் விடுவார். அது மேலே எழும்பியதும் புறாக்காரி கூடையைத் திறப்பாள். மற்றவை அதன் பின்னால் போகும்.

"சின்ன வயசா அந்தப் பொண்ணு?"

"ரொம்பச் சின்னதும் இல்லை."

"பயப்படுவாளா? சில பேரு இறக்கை அடிச்சவுடனே கத்திடறாங்க."

"பயப்படமாட்டாங்க."

"அழுவாளா?"

நாத்தனார் டம்ளரைக் கையில் உருட்டினாள். "அதுதான் அண்ணி தெரியலை," என்றாள் கடைசியில்.

"என்னடி ஒரு மாதிரி இருக்கே? ராத்திரி தூங்கலையா?"

"நீங்க மட்டும் தூங்கினீங்களாக்கும்?"

கீழே வீடு அமைதியாக இருந்தது. தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியார் விடியும்போதே பஸ் பிடித்துப் போயிருந்தாள். அதுவும் ஒருவகையில் நிம்மதி. இருந்திருந்தால் கூடைகள் இறங்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியோரம் ஒதுங்கி நிற்பாள். காயப்போட்ட துணியில் எச்சமிட்டுப் போகும் ஜென்மங்களை அவள் இத்தனை வருஷத்தில் ஒரு விரலாலும் தொட்டதில்லை. "உன் சீமாட்டிங்க" என்பாள் மருமகளிடம்.

வேனில் போகும்போது நாத்தனார் வழக்கம்போல வளவளக்கவில்லை. புறாக்காரி அதைக் கவனித்தாள். கவனித்து, களைப்பு என்று எடுத்துக்கொண்டாள். இந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் அவளுக்கு அது களைப்பாகத்தான் தெரிந்தது.

* * *

மண்டபத்தின் பின்வாசல் பக்கம் வேனை நிறுத்தினாள். சமையலறையை ஒட்டிய நடை, அதைத் தாண்டிச் சிமென்ட் முற்றம், அப்புறம் புல்வெளி. ஒரு பெரிய மரத்தின் நிழலில் கூடைகளை இறக்கி, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். நாத்தனார் வயலின் பெட்டியை எடுத்து, வேனைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கீபோர்டுக்காரரின் ஸ்கூட்டர் முன்னமே நின்றுகொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல நடந்தாள்.

இந்தத் தொழிலில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போனாலும் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைப் பார்க்கமாட்டாள். பார்த்தால் அந்த முகம் வீட்டுக்குக் கூடவே வந்துவிடும். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற ஒரு முகத்துக்கே இடம் போதவில்லை.

கூட்டம் தொடங்குமுன் முதல் புறாவை விடப்போகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தரவேண்டும். பக்கவாசலில் எட்டிப் பார்த்தாள். நாற்காலிகள் நிறைந்திருந்தன, எல்லாம் முதுகுகள். கடைசி வரிசையில் ஒரு அம்மாள் குனிந்து செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

புறாக்காரி அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, இதுல மனைவி யாருங்க? கொஞ்சம் பின்னாடி வரச் சொல்றீங்களா? புறாவை எப்படிப் பிடிக்கணும்னு காட்டணும். ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுங்க, பயப்பட வேண்டாம்."

அந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

அவள் கணவனின் சித்தி.

"என்னம்மா கேக்குறே?" சித்தியின் வாய் திறந்தபடி நின்றது. "நீதானேம்மா?"

புறாக்காரிக்கு முதலில் அது விளங்கவே இல்லை. சித்தி இங்கே எப்படி? இந்தக் குடும்பத்துக்கும் சித்திக்கும் என்ன உறவு? அப்புறம், வழக்கத்தை மீறி, தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள்.

வேன் பானட்டில் சாய்ந்துகொண்டு, வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கி, இன்னொரு கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தான் அவன். அவளே எடுத்த படம். 'சீக்கிரம் எடுடி, வெயில் மண்டையைப் பிளக்குது' என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போது எடுத்தது.

அந்தப் பக்கம் ஒரு முதுகு திரும்பியது. இந்தப் பக்கம் ஒன்று. அவன் கூட்டாளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எப்போதோ இவர்களை அழைத்துப் புறா விட்ட குடும்பங்கள்கூட இருந்தார்கள். எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் இடுப்பில் தீவனப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

மேடை ஓரத்தில் கீபோர்டுக்காரர் ஒயரைக் கையில் பிடித்தபடி எழுந்தார். "சத்தியமா உள்ளே வந்த பிறகுதான் நானே படத்தைப் பார்த்தேன்," என்று தூரத்திலிருந்தே கையை விரித்தார்.

புறாக்காரி திரும்பி நடந்தாள். நடையை, முற்றத்தை, புல்லை எல்லாம் தாண்டி வேன் வரை. கதவு பூட்டியிருந்தது.

* * *

"சாவியை எடுத்துட்டியா?" என்றாள், பின்னால் ஓடிவந்த நாத்தனாரைப் பார்க்காமலே.

"எடுத்துட்டேன்."

"குடு."

"தரமாட்டேன் அண்ணி."

"ஒரு அம்மா பேசினாங்கன்னு சொன்னே."

"அம்மாதானே பேசினாங்க? பக்கத்து ரூம்ல இருந்து பேசினாங்க. நான் ஒரு பொய்யும் சொல்லலை."

வேறொரு நாளாக இருந்தால் புறாக்காரி சிரித்திருப்பாள். "காலையில என்னைக் கேக்க விட்டு வேடிக்கை பார்த்தியேடி. அந்தப் பொண்ணு பயப்படுவாளா, அழுவாளான்னு நான் கேக்கக் கேக்க..."

"எனக்கு மட்டும் நல்லா இருந்துச்சா? டீ தொண்டைக்குள்ள இறங்கலை."

"ஊரைக் கூட்டி, என்னை நடுவுல நிறுத்தி..."

"வேற எப்படி அண்ணி நிறுத்தறது உங்களை?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "அண்ணன் போனப்ப நானும் அம்மாவும் உக்காந்து அழுதோம். நீங்க வண்டி ஓட்டினீங்க."

"யாராவது ஓட்டணும் இல்ல?"

"ஓட்டினீங்க. அதுலதான் நாங்க சாப்பிட்டோம். நான் இல்லைன்னு சொல்லலை. இன்னைக்கு ஒரு நாள் இறங்குங்கன்னுதான் சொல்றேன்."

புறாக்காரி வேன் கதவில் முதுகைச் சாய்த்தாள். தகரம் சுட்டது. சுடட்டும் என்று விட்டுவிட்டாள். நகர்வதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டுமே.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றாள் நாத்தனார். "கீபோர்டுக்காரர் உங்ககிட்ட கேட்டது எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? அன்னைக்குப் பின்சீட்டுல நான்தானே படுத்திருந்தேன்? ரெண்டு பேரும் என்னை ஒரு மூட்டைன்னு நினைச்சுட்டீங்க."

"தூங்கறேன்னு நினைச்சோம்டி."

"கல்யாணப் பேச்சு காதுல விழுந்தா எவளுக்குத் தூக்கம் வரும்?"

புறாக்காரியின் முகம் சூடேறியது. "அத்தைக்கு?"

"சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அது உங்க பாடு." கையிலிருந்த வயலின் வில்லின் நுனியால் நாத்தனார் புல்லைக் கிளறினாள். "அவரைக் கட்டிக்கோங்கன்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. எங்க அண்ணனைச் சாக்கா வெச்சு இன்னொரு மனுஷனைக் காக்க வெக்காதீங்க. உயிரோட இருக்கிறவருக்கும் அது மரியாதை இல்லை, போனவனுக்கும் மரியாதை இல்லை."

சுருக்கென்று தைத்தது. தைத்த இடம் சரியான இடம்.

முற்றத்துப் படியில் மாமியார் மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னவள் இங்கே, வெளியூர் போகும்போது மட்டும் போடுகிற நல்ல செருப்பில். கூடைகளிலிருந்து ஒரு கெஜம் தள்ளியே நின்றாள்.

"உன் சீமாட்டிங்களுக்குத் தண்ணி வெச்சியா? வெயிலா இருக்கு."

"வெச்சுட்டேன் அத்தை."

"நீ சொன்னது சரிதாம்மா. நம்ம வீட்ல விட்டா திரும்பி வந்து உக்காந்துக்கும். அதனாலதான் எடம் பார்க்க பஸ்ஸுல நானே வந்தேன். முதல்ல பார்த்த மண்டபம் ஆத்துக்கு நம்ம வீட்டுப் பக்கமே இருந்துச்சு. அங்கேருந்து நம்ம தண்ணித் தொட்டி தெரியுது. வேண்டாம்னுட்டேன்." அவள் கையை நெற்றிக்கு வைத்து மலைப்பக்கம் பார்த்தாள். "இங்கேருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலை பாரு. இங்கேருந்து போனா, போற மாதிரி இருக்கும்."

புறாக்காரி அந்தச் செருப்பையே பார்த்தாள். இத்தனை நாளாகத் தான் தட்டிக்கழிக்கச் சொன்ன ஒரு வார்த்தையை இந்த மனுஷி வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி இறங்கி, மலையைத் தாண்டி இடம் தேடியிருக்கிறாள்.

"கோபமா இருந்தா வீட்ல போய்த் திட்டு," என்றாள் மாமியார். "இப்ப வா. எல்லாரும் உக்காந்திருக்காங்க."

* * *

அவன் கூட்டாளி ஒருவன் பேசினான். பேசினான் என்றால் அப்படிப் பேசினான். இறந்தவனுக்குத் தான் கடன்பட்ட சிரிப்பையெல்லாம் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்துவிடுவதுபோல. பாதியில் அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். எல்லோரும் புல்வெளிக்கு வந்தபோது மலைப்பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

நாத்தனார் வயலினைத் தோளில் வைத்தாள். கீபோர்டுக்காரர் தாழ்ந்த சுரங்களில் மெல்லத் துணை வாசித்தார். அவர் பார்வை மட்டும் நிமிரவில்லை.

புறாக்காரி கூடையிலிருந்து ஒரு பெட்டைப் புறாவை எடுத்தாள். கை தானாக எடுத்தது. கால்கள் இரண்டு விரல்களுக்கு நடுவே, கட்டைவிரல் இறக்கைமேல், புறாவின் நெஞ்சு தன் நெஞ்சைப் பார்த்து. விரல் நுனியில் அதன் இதயம் படபடவென்று அடித்தது.

இந்த இடத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. பாட்டு ஒரு கட்டத்துக்கு வரும். குடும்பத்து ஆள் தயாரானதும் புறாக்காரி தலையசைப்பாள். அப்போதுதான் வயலின் மேலே ஏறும். தலையசைப்பு வரும்வரை இருவரும் அந்த அடியையே திரும்பத் திரும்பச் சுற்றிவருவார்கள். ரெக்கார்டு போட்டால் அது பாட்டுக்குப் பாடி முடித்துவிடும். ஆள் உட்கார்ந்து வாசித்தால் காத்திருக்கத் தெரியும்.

வயலின் அந்த அடிக்கு வந்தது. நின்றது. திரும்பியது.

புறாக்காரி தலையசைக்கவில்லை.

மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். மேகம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கக் கூடாது, புறாவுக்குச் சூடு ஏறிவிடும் என்றது அவளுக்குள் இருந்த புறாக்காரி. வெளிச்சம் மங்குமுன் மலையைத் தாண்டவேண்டும், விடு என்றது. அவளுக்குள் இருந்த மற்றவள் எதையும் காதில் வாங்கவில்லை. அழுகையும் வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே அசதி. இத்தனை பேர் கையில் புறாவைக் கொடுத்து "விடுங்க, ஒண்ணுமில்ல, விட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறாள்!

பாட்டு இன்னொரு முறை திரும்பியது.

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "என்னால ஆகலை அத்தை. நீங்க விடுங்க."

மாமியார் ஒரு அடி பின்னால் போனாள். "நானா? அதையா?"

"அவருக்கு உங்களைவிட யாரு அத்தை?"

மாமியார் புறாவைப் பார்த்தாள். புறா மாமியாரைப் பார்த்தது. இரண்டுக்கும் ஒன்றை ஒன்று பிடிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அப்புறம், மாமியார் இரண்டு கைகளையும் உடுப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்து, நீட்டினாள்.

"எப்படிப் பிடிக்கணும்? சொல்லு."

"காலை இந்த ரெண்டு விரலுக்கு நடுவுல... ஆங், அப்படித்தான். கட்டைவிரலை மேல வைங்க. அழுத்தாதீங்க. இறக்கை விரியாம பார்த்துக்கிட்டா..."

படார்!

வெள்ளையாக ஏதோ வெடித்ததுபோல இருந்தது. ஒரு இறக்கை மாமியாரின் கன்னத்தில் அறைந்து, மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டு, மேலே போனது.

"அடி சனியனே!" என்று அலறினாள் மாமியார்.

வயலின் கீச்சென்று நின்றது. அந்த அமைதியில் சனியன் என்ற சொல் புல்வெளி முழுக்க உலாவியது. அப்புறம் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுது பேசிய கூட்டாளி குபீரென்று சிரித்துவிட்டு, "அவன் இருந்திருந்தா உருண்டு புரண்டிருப்பான்," என்று மறுபடி அழ ஆரம்பித்தான். நாத்தனார் இரண்டையும் ஒருசேரச் செய்தாள். என்ன செய்வதென்று தெரியாத கீபோர்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

புறாக்காரியின் உடம்பு பழக்கத்தில் குனிந்தது. கூடைகளின் தாழ்ப்பாள்களைத் தட்டினாள். வெள்ளை இறக்கைகள் ஒரே இரைச்சலாகத் தலைகளுக்குமேல் எழுந்தன. முன்னால் போனதைச் சேர்த்துக்கொண்டு ஒரு வட்டம் அடித்தன. அடுத்த வட்டத்தில் திசை பிடித்துவிட்டன. மலைப்பக்கம் சாய்ந்து, சிறுத்து, மேகத்தின் முன்னால் பொட்டுப்பொட்டாகி, இல்லாமல் போயின.

எல்லோரும் இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் மட்டும் மண்டியிட்டுப் புல்லில் கண்ணாடியைத் துழாவினாள்.

"கெடுத்துட்டேன்," என்று முணுமுணுத்தாள். "ஒழுங்கா அனுப்பி வெக்கக்கூடத் துப்பில்லை எனக்கு. பெத்த கை இது, இப்படியா நழுவும்..."

புறாக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். அதன் காதுக்கம்பி ஒன்று வளைந்திருந்தது.

சும்மா இருந்துவிடலாம். வயதானவள் கை நழுவியது என்றே எல்லோரும் சொல்வார்கள். 'பரவாயில்லை அத்தை, இன்னொரு நாள் ஒழுங்காச் செய்வோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபடி ஒரு வருஷம் ஓட்டலாம். கீபோர்டுக்காரரும் காத்திருப்பார். காத்திருக்கிற ஜாதிதான் அவர்.

ஆனால் அவள் விரல்களுக்குத் தெரியும். புறாவைக் கைமாற்றுவதில் முதல் பாடமே, எதிர்க்கை மூடிய பிறகுதான் நம் கை திறக்கவேண்டும் என்பது. இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அதில் தவறியதில்லை. குழந்தைகளிடம் கொடுத்திருக்கிறாள், அழுது நடுங்கும் கிழவர்களிடம் கொடுத்திருக்கிறாள். ஒன்றுகூட இப்படிப் போனதில்லை.

"அத்தை, நீங்க விடலை."

"ஆறுதல் சொல்லாதே."

"ஆறுதல் இல்லை. உங்க கை இன்னும் மூடவே இல்லை. அதுக்குள்ள என் கை திறந்துடுச்சு." அவள் ஒரு மூச்சு எடுத்தாள். "தவறிப்போய்த் திறக்கலை அத்தை. நானேதான் திறந்தேன்."

மாமியார் புல்லில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தாள். வளைந்த கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடி ஒரு பக்கம் ஏறி நின்றது. பார்வை மட்டும் நேராக இருந்தது.

"உன் கையா?"

"ஆமா அத்தை."

மாமியார் தலையை நிமிர்த்தினாள். மருமகளின் தோளுக்குமேல் அவள் கண் போனது. கூட்டம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கீபோர்டு முன்னால் ஒரே ஒரு மனிதர் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. வாசிப்பதையும் நிறுத்திவிட்டிருந்தார். அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியக் கண்ணாடி தேவையில்லை.

மாமியார் கையை நீட்டினாள். புறாக்காரி தூக்கிவிட்டாள்.

"களைச்சுப் போயிருக்கே," என்றாள் மாமியார்.

"ஆமா அத்தை. ரொம்ப."

"தெரியுது. திரும்பும்போது வண்டியை என் பொண்ணு ஓட்டட்டும். நீ பின்னாடி உக்காரு." உடுப்பில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அந்தப் பெட்டி வாசிக்கிறவரையும் நம்ம வண்டியில ஏறச் சொல்லு. ஸ்கூட்டர் இங்கேயே கிடக்கட்டும்."

"எதுக்கு அத்தை?"

"பேசணும்."

"எதைப் பத்தி?"

மாமியார் வேனைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில், நின்று, காலிக் கூடை ஒன்றைக் குனிந்து எடுத்து, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

நாத்தனார் வயலினும் கையுமாக ஓடிவந்தாள். "அண்ணி, நான் சொல்லலை. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலை!"

"தெரியும்டி."

"திட்டப்போறாங்களா? இல்ல..."

"தெரியலை."

கீபோர்டுக்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் சுற்றிய ஒயர் முழுக்கக் கையிலிருந்து அவிழ்ந்து விழுந்தது.

"அத்தை உங்களை வண்டியில ஏறச் சொல்றாங்க," என்றாள்.

"என்னையா?" அவர் வேனைப் பார்த்தார். "எதுக்குங்க? அவங்களுக்கு... நான் ஏதாவது சொல்லணுமா?"

புறாக்காரி குனிந்து ஒயரை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் விரல்கள் அதைச் சுற்றி நன்றாக மூடும்வரை காத்திருந்து, தன் கையை எடுத்தாள்.

"வாயைத் திறக்காம வந்து உக்காருங்க," என்றாள். "இன்னைக்கு நான்தான் பேசப்போறேன்."